அடிபட்ட நேரம் என்ன?

விபத்தில் சிக்கியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்பவர்கள் பெயர், விலாசம் சொல்லுகிறார்கள். அடிபட்ட நேரத்தைச் சொல்ல மறந்து விடுகிறார்கள். உயிர் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

இது ஆராய்ச்சி காட்டிய உண்மை. இந்தியா உள்பட 40 நாடுகளில், 274 ஆஸ்பத்திரிகளில், அடிபட்டு ரத்தப்போக்குக்கு ஆளான 20 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்து சோதிக்கப்பட்டது. முடிவு 2010-ம் ஆண்டு வெளியானது. மருந்து பெறாதவர்களில் ஆயிரத்துக்கு 160 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 145 பேர்.

மறு ஆண்டு இன்னொன்றும் தெரிந்தது. 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். பிந்தினால் கெடுதலே செய்யலாம்.

ஆகவே, போலீஸ் வரட்டும் என்று காத்திருப்பது கூடாது. முதலில் சிகிச்சை, பிறகே போலீஸ் நடைமுறை என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-லேயே தீர்ப்புக் கூறிவிட்டது.

மும்பையில் ரெயில் பாதையிலும் கட்டிட வேலையிலும் அடிபடுகிறவர்களில் தமிழர்களும் உண்டு. கூடச் செல்பவருக்கு மராத்தியோ இந்தியோ தெரியாவிட்டால் என்ன? மணியை ஒரு சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுக்கலாம். எண்ணுக்கு மொழி கிடையாது.

ஆஸ்பத்திரிகளும் அனுமதிச் சீட்டில் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கி, அதையே முதலில் கேட்க வேண்டும்.