கிராமத்தில் பஞ்சம் திறமைக்கு அல்ல, முதலுக்கே!

1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில், மூங்கில் முக்காலி பின்னும் ஒரு பெண்ணைப் பொருளாதாரப் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் சந்தித்தார். மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன். பின்னியதை அந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும். நாள் முழுக்க உழைத்தும் மிஞ்சியது சில காசுகள். இப்படிக் கடனில் சிக்கியிருந்த 42 பேரை மீட்கத் தேவைப்பட்டது மொத்தம் 27 டாலர்தான்! அதை யூனுஸே கொடுத்தார். அந்தத் தொடக்கம் 1983-இல் கிராமீன் வங்கியானது. 2006-இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றது.

ஆனால் கிராமீன் வட்டி வாங்குகிறது. வட்டி இல்லாமல் இது நடக்காதா?

நடக்கும். பாகிஸ்தானில் டாக்டர் அம்ஜத் சாகிப் 2001-இல் தொடங்கிய 'அகுவத்' வட்டியில்லாக் கடன் தருகிறது. பள்ளிவாசலில் வைத்தே கடன் வழங்கப்படுகிறது. கொடுத்த பணம் கிட்டத்தட்ட முழுமையாகத் திரும்பி வருகிறது. கடன் வாங்கி முன்னேறியவர்கள் பின்னர் நன்கொடையும் தருகிறார்கள். 2021-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நம் ஊர்களில் பாய் முடையும், பீடி சுற்றும் சகோதரிகள் வாராவாரம் குழுக்கடன் தவணைக்கு அஞ்சி வாழ்வதை நாம் அறிவோம். வட்டி ஹராம் என்று மேடையில் சொன்னால் மட்டும் போதுமா? மாற்று வழி தர வேண்டாமா?

ஜகாத் ஏழைகளின் உரிமை. அதில் கை வைக்க வேண்டாம். வசதியுள்ளோர் திரும்பப் பெறும் வகையில் ஒரு தொகையை ஒதுக்கினாலே, மஹல்லாதோறும் அழகிய கடன் நிதி உருவாகும். ஒரு வீட்டை நிமிர்த்திய பணம் அடுத்த வீட்டுக்கும் போகும், இன்ஷா அல்லாஹ்.