மோட்டாரை மாத்தாதீங்க, பைப்பைப் போடுங்க

பொண்ணு சென்னையில கம்பெனி வேலை. ஊருக்கு வந்தா நாலு நாளுக்கு மேல தங்க மாட்டா. "இங்க நெட்டு எடுக்கலப்பா, மீட்டிங்ல பாதியில கட்டாகுது"ன்னு பையைத் தூக்கிடுவா. நம்ம வீட்டுக்கு ஃபைபர் வந்து ரெண்டு வருசமாச்சு. 100 எம்பி பிளான். அப்புறம் ஏன் எடுக்கலைன்னு எனக்குப் புரியவே இல்ல.

பணம் வசூலுக்கு வர்ற தம்பிகிட்ட கேட்டேன். "200 எம்பி பிளானுக்கு மாறிடுங்கண்ணா"ன்னார். கடைக்காரர் ரிப்பீட்டர்னு ஒண்ணைக் குடுத்தார், 1,500 ரூபா. அதுல லைட் எல்லாம் ஜோரா எரிஞ்சுது. வேகம் மட்டும் வரல.

இந்தத் தடவை பொண்ணே போனை வெச்சு அளந்து காட்டினா. திண்ணைப் பக்கம் ரவுட்டர் கிட்ட 92. அவ உக்காந்து வேலை பார்க்கிற பின்கட்டு அறையில 7. நடுவுல ஒன்றரை அடி மண் சுவர் ரெண்டு.

அப்பதான் எனக்கு உறைச்சுது. இது நம்ம கெணத்துக் கதைதான். மோட்டார் நல்லாத்தான் எறைக்குது. மண் வாய்க்கால்ல போற தண்ணியை வழியிலயே மண்ணு குடிச்சிடுது, கடைமடைக்குப் போய்ச் சேரல. அதுக்குப் பெரிய மோட்டார் வாங்குறவன் ஏமாளி. பைப் போடுறவன்தான் விவசாயி.

ரிப்பீட்டர் ஏன் உதவலைன்னும் பொண்ணு சொன்னா. சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில கேட்கவும் வேணும், திருப்பிச் சொல்லவும் வேணும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியாது. அதனால வேகம் பாதியாகிடும். சிக்னல் வீக்கான எடத்துல அதை மாட்டினா, அந்த வீக்கானதுலயும் பாதிதான்.

25 மீட்டர் கேட்-6 ஒயர் வாங்கினோம். 700 ரூபா ஆச்சு. பரண்ல கெடந்த பழைய ரவுட்டரைப் பின்கட்டுல வெச்சு, ரெண்டுக்கும் நடுவுல ஒயரை இழுத்தோம். முதல்ல நெட்டு வர்றதும் போறதுமா இருந்துச்சு. ரெண்டு ரவுட்டரும் போனுக்கெல்லாம் நம்பர் குடுத்திட்டு இருந்துச்சாம். ஒரே நிலத்துக்கு ரெண்டு ஆபீஸ்ல பட்டா குடுத்தா என்னாகும்? அதேதான். பழைய ரவுட்டரோட முகவரியை மாத்தி, அதுல டிஹெச்சிபிங்கிறதை அணைச்சு, ஒயரை லேன் துளையில மாட்டினதும் சரியாச்சு. பின்கட்டுல இப்ப 90.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் இதேதான் சொல்றேன். காங்கிரீட் சுவரும் சிக்னலைக் குடிக்கும். பெரிய பிளான், விலை கூடின மெஷ் ரவுட்டர்னு போறதுக்கு முன்னாடி, ரவுட்டர் பக்கத்துல ஒரு தடவை, படுக்கையறையில ஒரு தடவை அளந்து பாருங்க. பக்கத்துலயே கம்மின்னா கம்பெனியைக் கேளுங்க. பக்கத்துல நல்லா இருந்து உள்ள கம்மின்னா, அது வீட்டுக்குள்ள இருக்கிற வாய்க்கால் பிரச்சனை. மெஷ்ஷே வாங்கினாலும் அதுங்களுக்கு நடுவுல ஒயர் போட்டாத்தான் முழு வேகம். சுவர்ல ஒயர் ஓடினா அசிங்கம்னு சொல்வாங்க. ஓரமா கேசிங் அடிச்சா யாருக்குத் தெரியப்போகுது?

ரெண்டு விஷயம் கவனிக்கணும். பழைய ரவுட்டர் பலதுல துளையே 100 எம்பிதான், அதுக்கு மேல பிளான் போட்டா அது தாங்காது. இன்னொண்ணு, வீட்டுல இருந்து தோட்டத்து மோட்டார் ரூமுக்குன்னு வெட்டவெளியில செம்பு ஒயரை இழுக்காதீங்க. இடி மின்னல்ல ரெண்டு பக்கமும் கருகிடும். 100 மீட்டருக்கு மேல அது சரியாவும் வராது. அங்க ஃபைபர்தான் சரி.

கிராமத்துல நெட் இல்லைன்னு பிள்ளைங்க கெளம்பிடுறாங்கன்னு நாம புலம்புறோம். தெரு வரைக்கும் வந்தாச்சு, திண்ணை வரைக்கும் வந்தாச்சு. மிச்சம் 25 மீட்டரை நாமதான் இழுக்கணும்.

பொண்ணு வந்து இன்னைக்குப் பதினாறாவது நாள். பின்கட்டுல மீட்டிங்ல இருக்கா.