நாட்காட்டிப் படமும் நற்கலையே



மாரிகுப்பத்திலிருந்து நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று, கணிப்பொறியில் விளம்பரங்கள் வடிவமைக்கும் இளைஞர் ஒருவர் சென்ற திங்கள் என்னிடம் மனம் வருந்திச் சொன்னார்: "ஐயா, ஓவியனாக வேண்டுமென்று விரும்பினேன். இப்போது செய்வதோ வயிற்றுப்பாட்டுக்கான வேலை, இது கலையன்று."

அவர் இல்லத்துச் சுவரில், பாட்டனார் சட்டமிட்டு மாட்டிய மீனாட்சி திருக்கல்யாணப் படம் ஒன்று இருந்தது. அடியில் ஏதோ ஒரு கடையின் பெயர். நான் அதைச் சுட்டிக் காட்டினேன்.

அப்படத்தை வரைந்தவர்கள் கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர்தம் மாணவர் டி. எஸ். சுப்பையாவும் ஆவர். கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டிப் பிழைத்தவர். பின்னர் கோவில்பட்டியில் தங்கி நாட்காட்டிப் படங்கள் வரைந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை வீடுதோறும் சேர்த்தன. அவருக்கு முன்னரே, 1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை எளியோர்க்கும் கிட்டச் செய்தார்.

அதன் பயனை நாம் நன்கறிவோம். தங்கவயலுக்கு வந்த நம் முன்னோருள் பலர் ஊரிலே கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்களைப் போன்றோர்க்கு மதுரை மீனாட்சியம்மன் கோயில் திறந்தது 1939 ஜூலை 8 அன்றுதான். கோயில் தள்ளி வைத்தவர்களின் குடிசைக்கு, கடைக்காரர் கொடுத்த தாளிலே அன்னை தானே வந்தாள்!

நுண்கலைஞன் தன் உள்ளம் பணித்ததை வரைகிறான். வரைகலைஞன் பிறர் பணித்ததை வரைகிறான். கடைப்பெயருக்கு இடம் விடவேண்டும். எட்ட நின்று பார்ப்பவர்க்கும் விளங்கவேண்டும். அச்சேறினாலும் வண்ணம் கெடாதிருக்கவேண்டும். இவ்வேறுபாடு மெய்யே. ஆயின் கோயிற் சிற்பியும் பிறர் பணித்ததையே, விதித்த அளவுக்குள் செதுக்கினான். அவனைக் கலைஞனல்லன் என்போமா?

கூலிக்குச் செய்வதெல்லாம் கலையாகிவிடாது; கூலி பெற்றதனாலேயே கலை கெட்டுவிடவும் செய்யாது. செய்வோன் அதில் எவ்வளவு கருத்தூன்றினான் என்பதே அளவுகோல்.

இளைஞர் எழுந்து சென்று, படத்தின் மூலையிலிருந்த கையொப்பத்தை அன்றுதான் முதன்முறையாகப் படித்தார்.

ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியை எறியுமுன், வரைந்தவர் பெயர் உளதா என நீங்களும் ஒருமுறை பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.