முன்கம்பியின் பருமன்

பழைய மோட்டார் வண்டியின் முன்புறத்துச் சாய்வுத்தடைக் கம்பியைத் தேர்தல் எங்ஙனம் என்னும் ஆராய்ச்சி தமிழ் பயில்வார்க்கு எற்றுக்கு எனச் சிலர் நகைக்கலாம். நகைக்க. கடத்தூரில் வாழும் எம் சிறிய தந்தையார் அவ்வண்டியில் எம்மையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் இறங்குபவராதலின், எமக்கு அது நகைப்பொருளன்று.

வண்டியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதலாகச் சென்னைக்கு அணித்தாய வண்டலூர்ப் பக்கத்தே செய்யப்பெற்றது. இங்கிலாந்தில் 1962இல் தோன்றிய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயப் போக்குடைய சிறுவண்டி, ஹெரால்டின் அடிச்சட்டத்தினின்றே பிறந்தது. இவ்வுறவைக் காட்டி, "பருத்த கம்பியே இடுக" என்கின்றனர் எம் ஊர் இளைஞர்.

மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் ராடு என வழங்கும் இக்கம்பி இரு முன்சக்கரங்களையும் பிணைத்து நிற்பது. வளைவில் வண்டி சாயுங்கால் முறுக்குண்டு அச்சாய்வை எதிர்ப்பது. இருபது மில்லிமீட்டர்க் கம்பியை நீக்கி இருபத்தைந்து இட்டால் விறைப்புக் காற்பங்கு மிகும் என்று எண்ணுவார் பலர். அற்றன்று. விறைப்பு விட்டத்தின் நான்மடிக்கேற்ப வளர்வதாகலின், நீளமும் உருவும் ஒத்தவிடத்து ஏறத்தாழ 2.44 மடங்காகும். கடைக்காரர் இக்கணக்கைச் சொல்வதில்லை.

ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அச்சுடையன. விரைந்து வளைந்தால் பின்புறம் மேலெழும்பி, வெளிச்சக்கரம் உட்புறம் மடிந்து, வால் வீசும். முன்கம்பி சற்றுப் பருப்பின் சாய்வை எதிர்க்கும் பொறையில் மிகுபங்கை முன்புறமே ஏற்கும், பின்புறம் உய்யும். இந்நன்மையை யாம் மறுக்கிலேம். ஆயின் அளவு கடந்தால் முன்வெளிச்சக்கரம் சுமை தாங்காது வழுக்கும். சக்கரத்தைத் திருப்பியும் வண்டி திரும்பாது, வளைவின் புறத்தே நேரே செல்லும். மழைநாளில் கணவாய்ச் சாலையில் அதன் பொருள் யாதென யாம் விரித்தல் வேண்டா. மேலும், ஒரு சக்கரம் பள்ளத்தில் வீழ மற்றதும் குலுங்கும். எம் ஊர்ப் பக்கத்துச் சாலைகளை அறிந்தார் இதனை எளிதில் உணர்வர்.

ஆகலின் முதற்கண் நைந்த ரப்பர் புஷ்களை மாற்றுக. டயரையும் அதிர்வு தாங்கிகளையும் நோக்குக. பின்னரும் சாய்வு மிக்கதாயின் ஒரு படி பருத்த கம்பியே போதும். கம்பி தாங்கும் பிடிகளும் பழையனவே என்பதை மறத்தல் ஆகாது.

சிறிய தந்தையார் பருத்த கம்பிக்கு முன்பணம் அனுப்ப எண்ணியுள்ளார். புஷ்களை மாற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்குமளவும் பொறுத்தருளுமாறு யாம் வேண்டியுள்ளோம். மறுமொழி இன்னும் வந்திலது.