ஒத்திகைக் கூடத்தின் சாவி

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில் "நான் நாடகத்துக்குப் போகிறேன்" என்று வாய் திறக்கும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கிற பதில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: முதலில் ஒரு டிகிரியை முடி, அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய். பதிலில் அக்கறை இருக்கிறது, மறுக்கவில்லை. கூடவே ஒரு தப்புக்கணக்கும் இருக்கிறது. நடிப்பு எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் சட்டை என்று அது நினைக்கிறது. இப்போது சில பல்கலைக்கழகங்கள் நாடகத்திலேயே பட்டம் தருவதால் சிக்கல் தீர்ந்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். மேடையில் நிற்க விரும்புகிறவர் பயிற்சிக்குத்தான் முதலிடம் தர வேண்டும், பட்டம் அந்தப் பயிற்சியின் நேரத்தைத் தின்னாத வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது நம் கட்சி.

தமிழ் மேடை இந்த இரண்டு வழிகளையும் நூறாண்டுக்கு முன்பே நடந்து பார்த்திருக்கிறது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பிற்பாடு நீதிபதி. சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆகித் தமிழ் பேசியது அவர்கள் படிப்பின் பலன். மறுபக்கம், 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தத் தொடங்கியபோது அதில் சேர்ந்த தி.க. சண்முகத்துக்கு வயது ஆறு. சுகுண விலாச சபைக்காரர்கள் புதிய நாடகங்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஊர் ஊராகப் போய், இரவு தவறாமல் மேடையேறி, நடிப்பைத் தொழிலாகத் தூக்கிச் சுமந்தவர்கள் அந்தப் பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளின் பிள்ளைகள். என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஆர். ராதா, எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் என்று அந்த வரிசை எங்கே போய் முடிந்தது என்பது ஊரறிந்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி பட்டம் ஏதும் வாங்காத சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பெயர் வைத்தவர்கள் யோசித்தே வைத்திருப்பார்கள் என்று நம்புவோம்.

கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாய்த்ததை மேதைமை என்று சொல்லிக் கடந்துவிடலாம். அது நேரக் கணக்கு என்பதே உண்மைக்குப் பக்கம். தெருக்கூத்தைப் பாருங்கள். இரவு தொடங்கி விடியும்வரை ஆட்டம். கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் மரத்தில் செய்தவை; அவற்றைக் கட்டிக்கொண்டு கிறிக்கி அடித்துச் சுற்றி வந்த நடிகன், நின்ற இடத்திலேயே உச்ச சுருதியில் பாட்டை எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால் முதல் சீர் போய்விடும். காற்றை எங்கே வைத்துக்கொள்வது, எந்த அடியில் விடுவது என்பதை அவன் விலாவுக்கு யாரும் பாடமாக எடுத்ததில்லை. அதிகாலை மூன்று மணிக்கு, முன்வரிசை தூங்கி விழும் நேரத்தில், பல வருடம் நின்று அது தானாகப் பழகியிருக்கிறது. ஐம்பது நிமிடத்துக்கொரு மணியடிக்கும் கால அட்டவணையில் இந்தப் பாடத்துக்கு இடமில்லை. நாட்டிய சாஸ்திரத்தின் ரசம் எட்டா ஒன்பதா என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் மாணவர் சரியாகவே எழுதிவிடுவார். டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி, 1959இல் தொடங்கிய நிறுவனம், மூன்றாண்டு முழுநேரப் பயிற்சி தந்துவிட்டு டிப்ளமாதான் கொடுக்கிறது. அதன் வாசலில் பட்டமும் கேட்கிறார்கள், மேடை அனுபவமும் கேட்கிறார்கள். பட்டம் மட்டும் போதாது என்று இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

சோற்றுக்கு என்ன வழி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் நாடகப் பட்டம் அதற்குப் பதிலில்லை. ஓவியத்துக்கும் தையலுக்கும் ஆசிரியர் வைத்திருக்கும் நம் அரசுப் பள்ளிகளில் நாடகத்துக்கு அப்படியொரு பணியிடம் இல்லை. சோற்றுக்காகப் படிப்பதென்றால் வணிகவியல் படிக்கலாம். மாலையில் ஒத்திகைக்கு வரலாம். படிக்காத நடிகர் பிரதியின் ஆழம் அறியமாட்டார் என்பது இன்னொரு வாதம். வாசிப்பு வேறு, பட்டம் வேறு. பள்ளிப் படிப்பு வாய்க்காத சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' இல்லாமல் இன்று எந்தப் பேராசிரியரும் தமிழ் நாடக வரலாறு எழுத முடியாது.

நம்மைத் தடுமாற வைக்கும் ஆட்சேபம் வேறொன்று. கம்பெனி வீட்டில் பிரம்பும் இருந்தது. இன்றைய பயிற்சிக் குழுக்களிலும் குருவின் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. யாரைச் சேர்ப்பது, யாருக்கு வேஷம் தருவது என்பதெல்லாம் அவர் மனசு. பல்கலைக்கழகத்தில் இட ஒதுக்கீடு இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, விடுதி இருக்கிறது, ஒரு பெண் புகார் கொடுக்கக் குழு இருக்கிறது. கலைக் குடும்பத்தில் பிறக்காத, யாரையும் தெரியாத ஒரு கிராமத்துப் பெண் விதிப்படி உள்ளே வர முடிகிற வாசல் அது ஒன்றுதான். இதை லேசாகத் தள்ளிவிட்டு "குருகுலமே உயர்ந்தது" என்று எழுதுவது நம்மால் ஆகாது. அதனால் அந்த வாசலை மூடச் சொல்லவில்லை. உள்ளே நடப்பது என்ன என்று கேட்கிறோம்.

கேட்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு 70 நாள் பயிலரங்கு நடந்தது. இடம் கல்வி நிறுவனத்துடையது, நேரம் முழுக்கப் பயிற்சிக்குரியது. முடிவில் யாருக்கும் பட்டம் இல்லை. அங்கிருந்து போன மு. ராமசுவாமி மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே கூரைக்குள் வைத்துப் பெண்பிள்ளைகளையும் ஆட வைத்தது. 2020 வரை தாக்குப்பிடித்தது. படிப்பும் பயிற்சியும் சேரக்கூடியவைதான். ஆனால் சேர்ந்த இடங்களில் கடிகாரம் அலுவலகத்தின் கையில் இல்லை. ஆகவே நாடகத் துறையில் சேர விண்ணப்பம் வாங்கப் போகிறவர், பாடத்திட்டத்தைப் புரட்டுவதற்கு முன்னால், கடைசி வருட மாணவர்களைத் தனியே பிடித்து இரண்டு விஷயம் விசாரிக்கட்டும்: போன வருடம் வெளியாட்கள் முன்னால் எத்தனை இரவு ஆடினீர்கள்? மாலை ஐந்து மணிக்கு மேல் ஒத்திகைக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?