மந்திரத்தைவிட வலியது பொறாமை

இளையோருக்கான மாயாஜால நாவல் என்றாலே முகம் சுளிப்பவர்கள், அயர்லாந்து எழுத்தாளர் மைக்கேல் ஸ்காட்டின் ‘நிக்கோலஸ் ஃப்ளமெல்’ வரிசையில் 2007இல் வெளியான முதல் நாவலையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் வாழும் 15 வயது இரட்டையர் சோஃபி, ஜோஷ். இருவருக்குள்ளும் அபூர்வ சக்தி உறங்குகிறது. ஹெகடே தேவதை சோஃபியின் சக்தியை எழுப்பிவிடுகிறாள்; ஜோஷின் முறை வருவதற்குள் எதிரிகள் தாக்கிவிடுகிறார்கள். அதுவரை எல்லாவற்றிலும் சரிசமமாக இருந்த உடன்பிறப்பு ஒரே நாளில் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டால், மற்றவர் மனம் என்ன பாடுபடும்? கதையின் உயிர்நாடி அந்தப் பொறாமைதான். ஜோஷின் மனத்தாங்கலைத்தான் வில்லன் ஜான் டீ பயன்படுத்திக்கொள்கிறான். ஒரு பிள்ளையை மட்டும் கொண்டாடும் வீடுகளில் நடப்பதும் இதுவே. நேரடி அறிவுரைக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் வயதினரிடம் இதைச் சொல்ல மாயக்கதையே ஏற்ற வடிவம்.

இத்தகைய கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது வழக்கமான ஆட்சேபம். ஆனால் இந்த வரிசையின் பெயரில் இடம்பெறும் ஃப்ளமெல் வெறும் கற்பனைப் பாத்திரம் அல்ல; 1418இல் மறைந்த, பாரிஸ் நகரின் உண்மையான எழுத்தர். 1407இல் அவர் கட்டிய வீடு இன்றும் அங்கே நிற்கிறது. ரசவாதி என்ற புகழோ அவர் இறந்த பின்னர் ஒட்டிக்கொண்டது. ஜான் டீயும் முதலாம் எலிசபெத் காலத்துக் கணித அறிஞர். இவர்கள் நிஜமாகவே வாழ்ந்தார்களா என்று தேடத் தொடங்கும் வாசகர், வரலாறு எங்கே முடிகிறது, கட்டுக்கதை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியப் பழகுகிறார். ஆறு நாவல்களிலும் துரத்தல்களும் சண்டைகளும் மிகுதி என்பது நியாயமான குறை. அதற்காகப் பள்ளி நூலகங்கள் இந்த வகையையே ஒதுக்கிவைப்பது நியாயமல்ல.