காசு கட்டினா கிரிக்கெட், கட்டாட்டி அபராதம்

மக்களே, கொசுவர்த்திச் சுருளை ஓரமா வையுங்க. "எங்க காலத்துல..."ன்னு புலம்பற பதிவு இல்லை இது. பெங்களூர்ல எங்க அபார்ட்மெண்ட் சங்கம் போன மாசம் ஒட்டின நோட்டீஸைப் பத்தி: "வளாகத்துக்குள் பந்து விளையாடத் தடை. மீறினால் பெற்றோருக்கு 500 ரூபாய் அபராதம்."

அதே போர்டுல, பக்கத்துலயே இன்னொரு காகிதம்: கோடைக்கால கிரிக்கெட் கோச்சிங் கேம்ப். அதாவது கிரிக்கெட் ஆடறது தப்பில்லை. காசு கட்டாம ஆடறதுதான் தப்பு. நல்லா இருக்குங்க நியாயம்!

கேம்ப் வேண்டாம்னு சொல்லலை. முழங்கையை எப்படி வைக்கணும், காலை எங்க நகர்த்தணும்னு அங்க ஒழுங்கா சொல்லித் தருவாங்க. ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பசங்களே சேர்ந்து ஆடறது வேற சமாச்சாரம். அங்க அம்பயர் கிடையாது. அவுட்டா இல்லையான்னு சண்டை போட்டு அவங்களே தீர்த்துக்கணும். தீரலைன்னா ஆட்டம் அம்பேல். ஆள் ஒத்தைப்படையா வந்தா ஒருத்தன் ரெண்டு பக்கமும் ஆடுவான். நாலு வயசு வாண்டு வந்தா அவன் உப்புக்குச் சப்பாணி, அவுட்டே ஆக மாட்டான். காஜி முடிஞ்சதும் நழுவறவனுக்கு மறுநாள் பேட் கிடைக்காது. இதையெல்லாம் எந்த கோச் சொல்லித் தரார்?

ஆட்டமும் ஒண்ணும் மட்டம் இல்லை. அஷ்வினோட கேரம் பால், சென்னைத் தெருவுல டென்னிஸ் பந்துல போடற 'சொடுக்கு பால்'லேர்ந்து வந்தது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துலதான் போட்டுக்கிட்டிருந்தார். 2020 டிசம்பர்ல இந்தியாவுக்கு ஆடினார். 2024-ல 'லப்பர் பந்து' பார்த்துக் கைதட்டினதும் நாமதான். தியேட்டர்லேர்ந்து வந்து, கீழ ஆடற பசங்களை விரட்டறதும் நாமதான்.

நம்மள மாதிரி பொழைக்க வந்தவங்களுக்கு இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. ஆபீஸ்ல பத்து வருஷமா எனக்கு வராத கன்னடம், என் பொண்ணுக்கு ரெண்டு கோடை லீவுல வந்துடுச்சு. சண்டை போட மொழி வேணுமே! கேம்ப்ல வரிசையில நிக்கற பிள்ளைக்கு அந்தத் தேவையே வராது. 1991-லயும் 2016-லயும் காவிரிப் பிரச்சினையில இந்த ஊர்ல என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியும். ஒரே டீம்ல ஆடி வளர்ந்த பசங்க ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, மொழியைச் சொல்லி இல்லை.

கண்ணாடி உடையும், கார்ல கோடு விழும், பெரியவங்க தூக்கம் கெடும். உண்மைதான். அதுக்கு வழி இல்லாமலா போச்சு? அஞ்சுலேர்ந்து ஆறரை வரைக்கும், ரப்பர் பந்து, கார் நிறுத்தாத ஒரு பக்கம். உடைஞ்சா எல்லா வீடும் பங்கு போட்டுக்கலாம். "வெளிய போய் ஆடட்டும்"னா எங்க போறது? பூங்கா, விளையாட்டு மைதானங்களைக் காப்பாத்த கர்நாடகத்துல 1985-லயே சட்டம் போட்டாங்க. எங்க ஏரியா பார்க்குல நடைபாதை இருக்கு, பூச்செடி இருக்கு, பந்து உருள இடம் இல்லை. விளையாடறது குழந்தையோட உரிமைன்னு ஐ.நா. உடன்படிக்கையோட 31-வது பிரிவு சொல்லுது. 1992-ல இந்தியாவும் அதை ஏத்துக்கிச்சு. நம்ம சங்கத்து பைலா அதை விடப் பெருசா?

ஏப்ரல், மே சாயங்கால மழை எப்படியும் சில நாள் ஆட்டத்தைக் கெடுக்கும். மீதி நாளையாவது நாம கெடுக்காம இருப்போம். உங்க சங்கத்துல அடுத்த கூட்டம் எப்போ? பார்க்கிங், தண்ணி டேங்கர் பஞ்சாயத்து முடிஞ்சதும் எழுந்து போயிடாதீங்க. இதையும் கேளுங்க, ஓட்டுக்கு விடச் சொல்லுங்க.

டிஸ்கி: தினமும் ஜன்னல்ல பந்து வந்து விழற தரைத்தள வீட்டுக்காரன்தான் இதை எழுதறது.